72 மணித்தியாலம் எங்கே தொலைகிறது? அவசர கருத்தடைக் குளிசை: நகரத்துப் பிழையும் கிராமத்துப் பிழையும்

திருகோணமலை நகரத்துக்குள் 'பொஸ்டினோர்' என்ற அவசர கருத்தடைக் குளிசையின் பெயரைக் கேள்விப்படாத பெண்கள் குறைவு. பாதுகாப்பில்லாமல் சேர்ந்த பிறகு 72 மணித்தியாலத்துக்குள் போடச் சொல்லும் குளிசை அது. அது என்ன செய்யும் என்று கேட்டால்தான் குழப்பம். ஒருவர் அது தங்கிய பிள்ளையைக் கலைக்கும் என்பார். இன்னொருவர் ஒன்று போட்டால் அந்த மாதம் முழுக்கப் பயமில்லை என்பார். மூன்றாமவர், மூன்று தரம் போட்டால் பிறகு பிள்ளையே தங்காது என்று எச்சரிப்பார். மூன்றும் பிழை. முதலாவதும் மூன்றாவதும் தேவையானவரைக் குளிசை போடவிடாமல் தடுக்கின்றன. இரண்டாவது, போட்ட பிறகும் கர்ப்பமாக்கிவிடுகிறது. நகரத்தில் அதிகம் நடப்பது இந்த இரண்டாவது பிழை.

மூதூருக்கு அப்பால், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் போனால் சிக்கல் வேறு. அங்கே பெயர் தெரிந்தவருக்கும் குளிசை நேரத்துக்குக் கைக்கு வருவதில்லை. இரண்டு இடத்திலும் தொலைவது மணித்தியாலம்தான். தொலையும் விதம் மட்டும் வேறு.

குளிசை உள்ளே போய் என்ன செய்கிறது

அவசர கருத்தடைக் குளிசையில் இருப்பது லெவோனோர்ஜெஸ்ட்ரல் என்ற ஹோர்மோன். சாதாரண கருத்தடைக் குளிசையிலும் இதே பொருள் உண்டு. இங்கே அளவு கூட. முழு அளவு 1.5 மில்லிகிராம். அது ஒரே குளிசையாகவும் வரும், 0.75 மில்லிகிராம் கொண்ட இரண்டு குளிசைகளாகவும் வரும்.

அது வேலை செய்யும் விதம் விளங்க மூன்று விடயங்கள் போதும்.

1. ஆணின் விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு காத்திருக்கும்.

2. பெண்ணின் முட்டை வெளிவந்த பிறகு 12 முதல் 24 மணித்தியாலம்தான் தாங்கும். ஆகவே ஒரு மாதத்தில் பிள்ளை தங்கக்கூடிய நாட்கள் ஏறத்தாழ ஆறு: முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்திய ஐந்தும்.

3. முட்டை வெளிவர மூளையிலிருந்து ஒரு ஹோர்மோன் அலை எழும்ப வேண்டும். குளிசை அந்த அலையை எழும்பவிடாமல் சில நாட்களுக்குப் பிடித்து வைக்கிறது. முட்டை வரப் பிந்துகிறது. காத்திருந்த விந்தணு அதற்குள் செத்துவிடுகிறது.

குளிசை செய்யும் வேலை இவ்வளவுதான். அலை ஏற்கனவே எழும்பிவிட்டால் குளிசைக்கு அங்கே வேலை இல்லை. கருப்பையில் கரு பதிந்துவிட்டால் அதை அசைக்கவும் மாட்டாது, பிள்ளைக்கு ஊனம் கொடுக்கவும் மாட்டாது. கருக்கலைப்புக்குப் பயன்படும் மருந்துகள் முற்றிலும் வேறு. அவற்றின் பெயர்கள் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரொஸ்டோல். யாராவது பெட்டி இல்லாமல் கையில் கொண்டுவந்து 'அதே குளிசைதான்' என்று தந்தால், அது எதுவென்று தெரியாமல் வாயில் போடக் கூடாது.

இப்போது அந்த 'மாதம் முழுக்கப் பயமில்லை' கதைக்கு வருவோம். குளிசை முட்டையை அழிக்கவில்லை, பின்தள்ளியிருக்கிறது. மாதவிடாய் தொடங்கி 14ஆம் நாள் வரவேண்டிய முட்டை 18ஆம் நாளோ 19ஆம் நாளோ வரலாம். குளிசை போட்ட துணிவில் மறுநாளும் அடுத்த கிழமையும் பாதுகாப்பில்லாமல் சேர்ந்தால், தள்ளிப்போன முட்டைக்கு நேராகவே போய் நிற்கிறோம். 'போட்டும் தங்கிவிட்டது, குளிசை போலி' என்று வரும் முறைப்பாடுகளில் பலவற்றில் குளிசையில் குற்றம் இருக்காது. அதற்குப் பிறகு வந்த நாட்களில்தான் குற்றம்.

மணிக்கணக்கு

1998இல் உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்தி வெளியிட்ட ஆய்வில், சேர்ந்த நேரத்திலிருந்து முதல் 24 மணித்தியாலத்துக்குள் போட்டவர்களில், தங்கியிருக்கக்கூடிய கர்ப்பங்களில் 95 வீதம் தடுக்கப்பட்டன. 25 முதல் 48 மணித்தியாலத்தில் 85 வீதம். 49 முதல் 72 மணித்தியாலத்தில் 58 வீதம். 72க்குப் பிறகு 120 மணித்தியாலம் வரை போடலாம். பலன் இன்னும் குறையும்.

இந்த வீதங்களை வாசிப்பதிலும் ஒரு தடுக்கல் உண்டு. 85 வீதம் என்றால் 100 பேரில் 15 பேருக்குத் தங்கும் என்று அர்த்தமில்லை. மாதத்தின் நடுப்பகுதியில் ஒருமுறை பாதுகாப்பில்லாமல் சேர்ந்த 100 பெண்களில் குளிசை இல்லாமல் 8 பேருக்கு அளவில் பிள்ளை தங்கும் என்பது பொதுவான கணக்கு. குளிசை போட்டால் அது ஏறத்தாழ ஒருவராகக் குறையும்.

பெட்டியில் இருக்கும் '72' என்ற எண் பல பேருக்குத் தவணை முடியும் நாள் போலத் தெரிகிறது. மூன்று நாள் இருக்கிறதே, நாளைக்குப் பார்ப்போம் என்று இருந்துவிடுகிறார்கள். 72 என்பது பெட்டி வைத்த எல்லை, நல்ல நேரம் அல்ல. நல்ல நேரம் என்று ஒன்று இருந்தால் அது இப்போதே.

போடும் முறை

1. பெட்டியைப் பார்க்க வேண்டும். ஒற்றைக் குளிசை என்றால் அதில் 1.5 மில்லிகிராம் என்று இருக்கும். அதை ஒரே தடவையில் விழுங்க வேண்டும்.

2. இரண்டு குளிசை என்றால் இரண்டையும் சேர்த்து ஒரே தடவையில் போடலாம். முன்பு 12 மணித்தியால இடைவெளி சொல்லப்பட்டது. 2002இல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அடுத்த ஆய்வு ஒரே தடவையில் போடுவதும் அதே பலன் தரும் என்று காட்டியது. இரண்டாவதை மறப்பதற்கு இடம் வைக்காமல் சேர்த்துப் போடுவதே மேல்.

3. வெறும் வயிற்றில் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குமட்டல் குறையும்.

4. போட்டு 2 மணித்தியாலத்துக்குள் வாந்தி வந்தால் முழு அளவையும் திரும்பப் போட வேண்டும். சில பெட்டிகளின் துண்டுப் பிரசுரம் 3 மணித்தியாலம் என்கிறது. அதையே எடுத்துக்கொள்வது பத்திரம்.

5. அடுத்த மாதவிடாய் வரும் வரை கொண்டம், அல்லது அன்றே தொடங்கும் வழக்கமான ஒரு கருத்தடை முறை. அன்றே தினக் குளிசை தொடங்கினால் முதல் 7 நாளும் கொண்டம் சேர்த்துப் பாவிக்க வேண்டும்.

தலைவலி, மார்பு நோவு, களைப்பு, இடையில் துளித்துளியாக இரத்தம் படுதல் எல்லாம் வரலாம். ஓரிரு நாளில் அடங்கும். இடையில் இரத்தம் பட்டதும் 'குளிசை பலித்துவிட்டது' என்று ஆறுதலடைபவர்கள் உண்டு. அது ஹோர்மோன் ஏறி இறங்கியதன் அடையாளம் மட்டுமே.

எங்கே பிழைக்கிறது

பாதிக் குளிசை. இரண்டு குளிசை உள்ள அட்டையை வெட்டி ஒன்றை மட்டும் விற்பதும் வாங்குவதும் நடக்கும். 0.75 மில்லிகிராம் அரை அளவு. அதை நம்பி இருக்க முடியாது.

மற்ற மருந்துகள். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெப்பின், ஃபெனிற்றோயின், ஃபெனோபார்பிட்டோன் ஆகியவை ஈரலை விரைவாக வேலை செய்ய வைத்து இந்த ஹோர்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். இவற்றை எடுப்பவர்களும், நிறுத்தி ஒரு மாதம் ஆகாதவர்களும் இரட்டை அளவு, அதாவது 3 மில்லிகிராம், எடுக்க வேண்டியிருக்கும். அதைவிட லூப் (கருப்பைக்குள் வைக்கும் செம்பு வளையம்) நல்லது. வலிப்பு மருந்து எடுக்கிறோம் என்று பாமசியில் சொல்லாவிட்டால் இது யாருக்கும் தெரிய வராது.

நிறை. 70 கிலோவுக்கு மேல் உள்ள பெண்களுக்கு ஒற்றை அளவு பலன் குறையலாம். பிரித்தானிய வழிகாட்டல் அவர்களுக்கும் இரட்டை அளவையோ லூப்பையோ சொல்கிறது. இதை இங்கே கவுன்டரில் யாரும் கேட்பதில்லை.

வெயில். முச்சக்கர வண்டியின் முன்தட்டிலோ வள்ளத்துப் பெட்டியிலோ ஒளித்து வைத்த குளிசை, திருகோணமலை வெயிலில் எந்த நிலையில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நிழலான, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். காலாவதித் திகதி அட்டையிலேயே இருக்கும்.

வழக்கமாக்குவது. மாதத்தில் இரண்டு தரம் போட்டதால் உயிருக்கோ கருப்பைக்கோ கேடில்லை. தேவைப்பட்டால் ஒரே மாதத்தில் திரும்பவும் போடலாம். ஆனால் மாதவிடாய் குழம்பும், காசும் போகும். தினக் குளிசையோடும் மூன்று மாதக் கருத்தடை ஊசியோடும் ஒப்பிட்டால் வருடக் கணக்கில் பாதுகாப்பும் குறைவு. நகரத்தில் ஒரே ஆள் ஒரே பாமசிக்கு மாதாமாதம் வந்து வாங்குகிறார் என்றால், அவருக்கு இது இப்போது அவசரக் குளிசை அல்ல.

நகரம், கிராமம்: யாருக்கு எது தெரியும்

இலங்கையில் 2016இல் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வு 25 மாவட்டங்களையும் உள்ளடக்கியது. மணமான பெண்களில் ஏறத்தாழ 65 வீதமானோர் ஏதோ ஒரு கருத்தடை முறையைப் பாவிக்கிறார்கள் என்றும், அதில் நவீன முறைகள் 54 வீதம் அளவு என்றும் அது சொன்னது. மிச்சமுள்ள 11 வீதம் நாள் எண்ணுவது, வெளியே விடுவது போன்றவை. அவசரக் குளிசை அதிகம் தேவைப்படக்கூடிய கூட்டம் இந்த 11 வீதத்தில்தான் இருக்கிறது. நாள் எண்ணுவதில் ஒரு பிழை, ஒரு இரவு கைமீறல், அவ்வளவுதான்.

அந்த ஆய்வில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேள்வி கேட்கப்பட்டது ஒருமுறையாவது மணமான பெண்களிடம். மணமாகாதவர்கள் கணக்கிலேயே இல்லை. கிராமத்து நடைமுறையும் இதே அச்சில்தான் ஓடுகிறது. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு குடும்பநல மாது; ஊரில் 'மிஸ்' என்றால் அவர்தான். அவருடைய கையில் தகுதியான தம்பதிகளின் பதிவேடு இருக்கும். யார் எந்த முறை, ஊசி எந்தத் திகதி, குளிசை அட்டை எத்தனை என்பதெல்லாம் அதில் உண்டு. இலங்கையின் குடும்பத் திட்டம் வெற்றி பெற்றதற்கு இந்தப் பதிவேடு ஒரு பெரிய காரணம் என்றே சொல்வேன். ஆனால் பதிவேட்டில் தம்பதி மட்டுமே இருக்க முடியும். கோணேசபுரியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி, நிலாவெளி ஹோட்டலில் வேலை செய்யும் பிள்ளை, கணவனை இழந்த பெண் ஆகியோருக்கு அந்தப் பக்கங்களில் ஒரு வரி கிடையாது. அவர்கள் பாமசியை நம்பித்தான் இருக்கிறார்கள்.

பதிவேட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு ஓட்டை உண்டு. கிண்ணியா, மூதூரில் கணவன் மத்திய கிழக்கில். புல்மோட்டை, குச்சவெளிப் பக்கம் பருவத்துக்குப் பருவம் கரை மாறும் மீன்பிடி. 'அவர் இல்லையே, எதற்குக் குளிசை' என்று மனைவி நிறுத்திவிடுவார், அல்லது ஊசித் திகதியைத் தவறவிடுவார். திடீரென்று லீவு கிடைத்து ஆள் வாசலில் நிற்கும். இது ஒழுக்கமும் அறியாமையும் சம்பந்தப்பட்ட பிரச்சினை அல்ல; வெறும் நாட்காட்டிப் பிரச்சினை. ஊசி தவறியவர் தெரிந்திருக்க வேண்டியது: மூன்று மாதத் தவணைக்கு மேல் 4 கிழமை வரை பிந்தினால் போய் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். அதற்கும் மேல் போய், பாதுகாப்பில்லாமல் சேர்ந்திருந்தால்தான் அவசரக் குளிசை. தினக் குளிசை ஒன்றிரண்டு தவறினால் அவசரக் குளிசை தேவையில்லை. அட்டையின் முதல் வாரத்தில் மூன்றும் அதற்கு மேலும் தவறினால் தேவை.

இப்போது மணித்தியாலத்தை எண்ணிப் பாருங்கள். வெருகல் பக்கம் ஒரு வீடு. வெள்ளி இரவு 11 மணி, கொண்டம் கிழிந்துவிட்டது. சனி, ஞாயிறு 'மிஸ்'ஸின் பணிமனை பூட்டு. திங்கள் போயா என்றால் அன்றும் பூட்டு. 'மிஸ்'ஸை செவ்வாய் காலை 9 மணிக்குக் கிளினிக்கில் பார்க்கும்போது 82 மணித்தியாலம் போய்விட்டது. அதே பெண் சனிக்கிழமை காலையே மூதூருக்கு வெளிக்கிட்டிருந்தால் 12 மணித்தியாலத்துக்குள் குளிசை கைக்கு வந்திருக்கும்.

ஏன் வெளிக்கிடவில்லை? முன்பென்றால் வழி என்று சொல்லலாம். கிண்ணியாவில் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையில்) ஏறித் துறை கடந்த காலம் 2009இல் பாலம் திறந்ததோடு போய்விட்டது. இப்போது மறிப்பது முகம். சின்ன ஊரின் பாமசியில் நிற்பவர் மாமியாரின் சொந்தக்காரராக இருப்பார். வாங்க வேண்டிய பொருளைவிட வாங்கியதாகப் போகும் கதை பெரிது. அதனால் பலர் நகரத்துக்கு வருகிறார்கள், தெரியாத முகத்திடம் வாங்க. அந்தப் பயணத்துக்கு வீட்டில் ஒரு காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் போகிறது.

கவுன்டரில் நடப்பதையும் சொல்ல வேண்டும். "அண்ணா, அந்த எழுபத்திரண்டு மணித்தியாலக் குளிசை ஒண்டு தாங்கோ" என்று கணவனோ நண்பனோ தாழ்ந்த குரலில் கேட்பார். வைத்தியரின் துண்டு தேவையில்லை. பெட்டி பழைய பேப்பரில் சுற்றி வரும், காசு கைமாறும், ஒரு நிமிடத்தில் ஆள் இல்லை. எப்போது நடந்தது, வேறு மருந்து எடுக்கிறாரா, கடைசி மாதவிடாய் எப்போது என்ற மூன்று கேள்விகளுக்கு அந்த ஒரு நிமிடத்தில் இடமில்லை. குளிசை போடப்போகிற ஆள் அங்கே இல்லையே. வாங்க அனுப்புகிறவர் இந்த மூன்று பதிலையும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தனுப்பினால் பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும்.

பாமசி எட்டாவிட்டால்

வழி 1: வீட்டிலுள்ள தினக் குளிசை. 'மித்துரி' போன்ற அட்டையில் ஒவ்வொரு ஹோர்மோன் குளிசையிலும் 0.15 மில்லிகிராம் லெவோனோர்ஜெஸ்ட்ரலும் 0.03 மில்லிகிராம் எதினைல் ஈஸ்ட்ரடையோலும் உண்டு. நான்கு குளிசையை ஒன்றாகவும், 12 மணித்தியாலம் கழித்து இன்னும் நான்கையும் போடுவது 1970களில் கனடா வைத்தியர் யூஸ்பே முன்வைத்த முறை. எண்ண வேண்டியது ஹோர்மோன் குளிசைகளை மட்டும். அட்டையின் கடைசி 7 குளிசைகள் இரும்புச் சத்து, அவற்றால் ஒரு பலனும் இல்லை. மேலே சொன்ன 1998 ஆய்வில் இந்த முறையில் போட்டவர்களில் 3.2 வீதமானோருக்குத் தங்கியது. தனி லெவோனோர்ஜெஸ்ட்ரலில் 1.1 வீதம். ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குமட்டல், ஐந்தில் ஒருவருக்கு வாந்தி. ஆகவே இது இரண்டாந்தரத் தெரிவு. ஆனால் அன்றிரவே வீட்டில் இருப்பது, செவ்வாய்க்கிழமை கிடைக்கப்போவதைவிட மேல். பாரிசவாதமோ இரத்தக் கட்டியோ வந்தவர்களும், குழந்தைக்குப் பாலூட்டுபவர்களும் தனி லெவோனோர்ஜெஸ்ட்ரலைத் தேடுவதே நல்லது.

வழி 2: லூப். செம்பு சுற்றிய கருப்பை வளையத்தை 5 நாளுக்குள் வைத்தால் 99 வீதத்துக்கும் மேல் பலன். எந்தக் குளிசையும் இதற்குக் கிட்ட வராது. நிறையும் வலிப்பு மருந்தும் இதைப் பாதிப்பதில்லை. வைத்தபின் 10 வருடம் வழக்கமான கருத்தடையாகவும் இருக்கும். அரச கிளினிக்கில் இலவசம். மேலே சொன்ன வெருகல் பெண்ணுக்கு 82ஆம் மணித்தியாலத்தில் சரியான விடை இதுதான். அவருடைய 120 மணித்தியாலம் புதன் இரவு 11 மணிக்குத்தான் முடிகிறது. 'மிஸ்'ஸிடம் "லூப் இன்றைக்கு வைக்க முடியுமா, எங்கே" என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அடுத்த கிளினிக் நாளுக்குத் திகதி போட்டுவிடுவார்கள்.

சட்டமும் வதந்தியும்

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்கன்றிச் செய்யப்படும் கருக்கலைப்பைக் குற்றமாக்குகிறது. 1883ஆம் ஆண்டுச் சட்டம் அது. அவசரக் குளிசை தங்கிய கருவைத் தொடாதபடியால் இந்தப் பிரிவுக்குள் வராது. வாங்குவதும் குற்றமல்ல, விற்பதும் குற்றமல்ல.

மலட்டுப் பயம் கிழக்கில் கொஞ்சம் ஆழமானது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், சாப்பாட்டுக் கடையில் மலட்டுக் குளிசை கலந்து கொடுக்கிறார்கள் என்ற வதந்தி கடையையும் பள்ளிவாசலையும் தாக்கும் வரை போனது. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது மாவுக் கட்டி என்று முடிந்தது. ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் குளிசை என்று ஒன்று மருத்துவத்தில் இல்லை. அவசரக் குளிசையின் ஹோர்மோன் சில நாளில் உடலைவிட்டு வெளியேறிவிடும். அதனால்தான் அடுத்த கிழமையே பிள்ளை தங்க முடிகிறது.

வன்முறை நடந்திருந்தால்

குளிசை மட்டும் போதாது. எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அது பாமசியில் கிடைக்காது. நேராக அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 'நட்பு நிலையம்' உள்ள வைத்தியசாலைகளில் தனியாக இருந்து பேசலாம். பொலிஸ் முறைப்பாடு முடியட்டும் என்று மருந்தைப் பிற்போடக் கூடாது. பெண்கள் உதவி இலக்கம் 1938.

பிறகு பார்க்க வேண்டியவை

1. அடுத்த மாதவிடாய் ஒரு கிழமை முந்தலாம் அல்லது பிந்தலாம்.

2. ஒரு கிழமைக்கு மேல் பிந்தினால், அல்லது சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் ஆனதும், காலை முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனைப் பட்டி. அதற்கு முன் பார்த்து 'இல்லை' என்று வந்தால் நம்ப வேண்டாம்.

3. 'ஆம்' என்று வந்தால் குளிசை பிள்ளைக்குக் கேடு செய்திருக்கும் என்ற பயம் வேண்டாம். 'மிஸ்'ஸிடம் வழமைபோலப் பதியலாம்.

4. மாதவிடாய் பிந்தி, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் நோவு, தலைச்சுற்று, தோள்மூட்டில் குத்து என்று வந்தால் அது கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம். அந்த இரவே வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குப் போய், குளிசை போட்ட திகதியையும் கடைசி மாதவிடாய்த் திகதியையும் முதல் சந்திக்கும் வைத்தியரிடமே சொல்ல வேண்டும்.